மேற்கு மாம்பலத்தில் பழைய வீடு விலைக்கு வந்தால்

சென்னையில் மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், நங்கநல்லூர், பெரம்பூர், அசோக் நகர் மாதிரிப் பகுதிகளில் தனி வீடு விலைக்கு வருவதே குறைந்துவிட்டது. வந்தாலும் பில்டர்தான் முந்திக்கொள்கிறார். அதையும் மீறி ஒன்று கண்ணில் பட்டால், முதல் முறையாக வாங்குகிறவர்கள் நேராகப் போய்த் தரையையும் சுவரையும் சமையலறையையும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறீர்களா, இடித்துக் கட்டப் போகிறீர்களா?

இடிக்கப் போகிறவருக்குக் கூரை ஒழுகினால் என்ன, கம்பி துருப்பிடித்தால் என்ன? மனையின் அளவு, தெருவின் அகலம், பத்திரம் மூன்றும்தான் அவருக்கு முக்கியம். குடியிருக்கப் போகிறவருக்குக் கட்டடமும் சேர்ந்துகொள்கிறது. ‘இப்போதைக்கு இருப்போம், அப்புறம் பார்க்கலாம்’ என்று வாங்குகிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள். பழுது பார்க்க 15 லட்சம் போட்டு, ஐந்தே வருடத்தில் அதையே இடிப்பார்கள்.

பார்க்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். காசு செலவில்லாததை முதலில் பாருங்கள்: தெரு, பிறகு வீடு, பிறகு வீட்டின் உரிமையாளர்கள், பிறகு பத்திரம். வக்கீலுக்கும் இன்ஜினியருக்கும் பணம் கொடுப்பது, நீங்களே பார்த்து மனசுக்குச் சரி என்று பட்ட பிறகு.

தெரு

வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். முதலில் பார்க்க வேண்டியது சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சென்னையில் பல தெருக்கள் அடிக்கணக்கில் உயர்ந்துவிட்டன. 1960-களில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் மழைநீர் வரும். கழிவுநீர்க் குழாய் எதிர்த்தும் வரும். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கித் தருகிற ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அது நடக்கிற வேலைதான். ஆனால் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் சுலபத்தில் முடியாது. தூக்கிய பிறகு தரையையும் குழாய்களையும் புதிதாகப் போட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

‘இந்தத் தெருவுல தண்ணியே நிக்காது சார்’ என்று புரோக்கர் சொல்வார். இஸ்திரி போடுகிறவரிடமும் மளிகைக்கடையிலும் வேறு மாதிரிக் கேளுங்கள்: 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் நின்றது என்று. ‘வந்ததா’ என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ‘எதுவரை’ என்று கேட்டால் கையால் உயரத்தைக் காட்டுவார்கள். வீட்டுக்குள்ளேயும் தடயம் இருக்கும். பிளக் பாயிண்டுகள் எல்லாம் மார்பு உயரத்துக்கு ஏற்றப்பட்டிருக்கிறதா, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் மேடை கட்டி நிற்கின்றனவா, சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சுவரில் கீழே ஒரு பெயின்ட், மேலே ஒரு பெயின்ட் என்றால் காரணம் கேட்காமல் விடாதீர்கள்.

தெருவின் அகலத்தை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். இடித்துக் கட்டுகிறவருக்கு இதுதான் உயிர்நாடி. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரண உயரக் கட்டடங்களுக்கு எஃப்.எஸ்.ஐ. (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2, அதாவது ஒரு கிரவுண்டான 2,400 சதுர அடிக்கு 4,800 சதுர அடி கட்டலாம். காகிதத்தில் அப்படித்தான். குறுகலான சந்தில், பக்கத்துக்குப் பக்கம் விட வேண்டிய இடத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அவ்வளவு வராமல் போகலாம். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் சுரங்கப்பாதை அருகில் போகிறது என்றால் புதிதாகக் கட்ட மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். குடியிருக்க வாங்குகிறவர் இரண்டு பக்கத்து மனைகளையும் பார்க்க வேண்டும். அங்கேயும் பழைய வீடுகளே இருந்தால் அவையும் ஒருநாள் ஸ்டில்ட் வைத்த, அதாவது கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்டு எழுப்பிய அடுக்குமாடி ஆகும். அப்போது உங்கள் முற்றத்தில் வெயில் விழாது.

கட்டடம்

சென்னையின் பழைய வீடுகளைக் கூரையை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் வகை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக, குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மொட்டை மாடியில் தட்டோடு பதித்த கூரை. நன்றாகப் பராமரித்தால் நூறு வருடம் தாங்கும். கோடையில் உள்ளே குளிர்ச்சியாகவும் இருக்கும். இதன் பலவீனமான இடம் உத்தரத்தின் நடு அல்ல, முனை. சுவருக்குள் நுழைகிற அந்த அரை அடியில்தான் ஈரம் சேர்ந்து மரம் உளுக்கும், கரையானும் அங்கேதான் தொடங்கும். ஏணி கேட்டு வாங்கி ஏறுங்கள். ஒவ்வொரு உத்தரத்தையும் சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கெட்டியான தேக்கில் முனை இறங்காது. உளுத்த மரத்தில் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும், வெளியே இழுத்தால் தவிட்டு நிறத் தூள் கொட்டும். மேலே பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அதனால் குத்தித்தான் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு உத்தரம் போயிருந்தால் அடியில் இரும்பு கர்டர் கொடுத்துச் சமாளிக்கலாம். வரிசையாகப் போயிருந்தால் அந்தக் கூரையை மறந்துவிடுங்கள். மொட்டை மாடிக்கும் போங்கள். மழைநீர்க் குழாய் வாயிலும் கைப்பிடிச் சுவரிலும் அரசங்கன்று முளைத்திருந்தால், அதன் வேர் போன வழியெல்லாம் தண்ணீரும் போயிருக்கும்.

இரண்டாவது வகை கான்கிரீட் கூரை. வீட்டு வசதி வாரியம் கட்டிக்கொடுத்த காலத்து வீடுகளிலும் 1970, 80-களில் சொந்தமாகக் கட்டிய வீடுகளிலும் இதுதான். இங்கே எதிரி துரு. கம்பி துருப்பிடித்தால் உப்பும், உப்பினால் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் என்று கடல் பக்கம் போகப் போக இது அதிகம். முதலில் சன்ஷேடின் அடிப்பக்கம், பிறகு மாடிக் குளியலறைக்குக் கீழே வரும் சீலிங், பிறகு மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி, இந்த மூன்று இடத்தையும் பாருங்கள். சீலிங்கில் அங்கங்கே சதுரம் சதுரமாகப் புதுப் பூச்சு தெரிந்தால் பெயர்ந்து விழுந்ததை மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்பைக் கொண்டு தட்டுங்கள். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடத்தில் பானையைத் தட்டுகிற ஓசை வரும். துருவைச் சுரண்டாமல் மேலே சிமென்ட் பூசியது அதிக நாள் நிற்காது.

விரிசலைக் கண்டவுடன் பயப்பட வேண்டாம். பூச்சில் தலைமயிர் கனத்தில் ஓடுகிற விரிசல் எல்லா வீட்டிலும் உண்டு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, செங்கல் வரிசையைப் பிடித்துப் படிக்கட்டாக இறங்குவது, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது ஆகியவை அஸ்திவாரம் இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அந்த அறையின் கதவை மூடிப் பாருங்கள். நிலையில் இடித்தால் சந்தேகம் வலுக்கும். பக்கத்து மனையில் சமீபத்தில் ஆழமாகத் தோண்டினார்களா என்றும் விசாரியுங்கள்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் தூண் கிடையாது. சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அதனால் ‘இந்தச் சுவரை எடுத்துட்டா ஹால் பெரிசாயிடும்’ என்ற கற்பனையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். மேலே ஒரு மாடி எடுக்கும் யோசனையும் அப்படித்தான். இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் அதை நம்பி விலை பேசாதீர்கள்.

இன்ஜினியர் என்றால் தெரிந்த மேஸ்திரி இல்லை, கட்டமைப்புப் பொறியாளர். கான்கிரீட்டின் கெட்டித்தன்மையைச் சுத்தியல் கருவியால் அளப்பார். சிறிது உடைத்த இடத்தில் பினால்ஃப்தலீன் கரைசல் தெளிப்பார். இளஞ்சிவப்பாக மாறினால் கான்கிரீட் இன்னும் கம்பியைக் காக்கிறது, நிறம் மாறாவிட்டால் அந்தக் காவல் போய்விட்டது. வீட்டின் விலையோடு பார்த்தால் அவருடைய ஃபீஸ் ஒன்றுமே இல்லை. வங்கிக் கடன் வாங்குவதானால் அவர் அறிக்கை வேறு வகையிலும் உதவும். கட்டடத்தின் வயதும் மீதி ஆயுளும் வங்கிக்கு முக்கியம், பழைய வீட்டுக்குக் கடன் தொகையைக் குறைப்பார்கள்.

தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். போர்வெல் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து இரவு முழுக்க வைக்கச் சொல்லுங்கள். காலையில் செம்பழுப்பாக இருந்தால் இரும்பு. கிணறு இருந்து தூர்க்காமல் வைத்திருந்தால் நல்ல விஷயம், கோடையிலும் தண்ணீர் இருக்குமா என்று கேளுங்கள். மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரிய இணைப்பு யார் பெயரில், சம்ப் எனப்படும் தரைக்கடித் தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் சிங்கிள் ஃபேஸாக இருந்து மரச் சட்டத்துக்குள் பழைய வயர் ஓடினால், முழு வீட்டுக்கும் புதிதாக வயரிங் செய்யும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் எத்தனை பேர்?

பழைய வீடு கைமாறாமல் நிற்பதற்குச் சுவர் விரிசலைவிட இதுதான் பெரிய காரணம். அப்பா 1968-இல் வாங்கினார், 1994-இல் காலமானார், உயில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி. எனப்படும் வில்லங்கச் சான்றில் அவர் இறந்தது வராது. 1968-க்குப் பிறகு பதிவே இல்லாமல் சுத்தமாகத் தெரியும். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருடைய அம்மா, எல்லோருக்கும் பங்கு போயிருக்கும். அவர்களில் ஒருவர் பின்னால் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளும் சேர்வார்கள். இஸ்லாமியர், கிறிஸ்தவர் குடும்பங்களுக்கு வாரிசுக் கணக்கு வேறு.

ஒரு காகிதத்தில் குடும்ப மரம் வரையச் சொல்லுங்கள். விற்கிறவர் முன்னாலேயே, பேனாவை அவர் கையில் கொடுத்து. ‘தங்கச்சிக்குக் கல்யாணத்தப்பவே எல்லாம் செஞ்சாச்சு, அவ கேக்க மாட்டா’ என்று சொல்வார்கள். சீர் செய்தது சொத்துரிமையைத் தீர்க்காது. அப்பா சம்பாதித்து வாங்கிய வீட்டில் 1956 சட்டத்திலேயே மகளுக்குப் பங்கு உண்டு. பூர்விகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு தரத் தமிழ்நாடு 1989-இல் ஒரு திருத்தம் செய்தது, மத்திய அரசு 2005-இல் நாடு முழுக்கச் செய்தது. அதனால் தங்கை கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்பே எழுதிப் பதிந்திருக்க வேண்டும். வரைந்த மரத்தைத் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பெயர் குறைந்தால் அங்கேயே நில்லுங்கள். மைனர் ஒருவருக்குப் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

உயில் வழி வந்த வீடு என்றால் புரோபேட், அதாவது அந்த உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னையில் நெடுங்காலம் அது கட்டாயமாக இருந்தது, பழைய உயிலுக்கு வக்கீல் நிச்சயம் கேட்பார். உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்கு எழுதிவைத்த செட்டில்மென்ட் பத்திரமானால் ‘ஆயுட்கால அனுபவ உரிமை’ யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

பிள்ளைகள் அமெரிக்காவில், அவர்கள் எழுதிக்கொடுத்த பவரை (தங்கள் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரத்தை) வைத்து இங்கே சித்தப்பா விற்கிறார் என்பது மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் சர்வசாதாரணம். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரத்துக்கு இந்தியத் தூதரகச் சான்று அல்லது அப்போஸ்டில் எனப்படும் அந்நாட்டு அரசின் சான்று இருக்க வேண்டும். இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவரோடு ஒருமுறை வீடியோ காலில் பேசிவிடுங்கள். கொடுத்தவர் இறந்திருந்தால் அந்தப் பவர் பொதுவாகச் செல்லாது.

மனை யாருடையது?

மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது என்ற வீடுகள் உண்டு. கோயிலுக்கு மனை வாடகை கட்டிவருவார்கள். பத்திரத்தில் ‘மேற்கட்டடம் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். சுற்றிலும் உள்ள விலையில் பாதிக்கு ஒரு வீடு வந்தால் முதல் சந்தேகம் இதுதான். இந்து அறநிலையத்துறைச் சட்டம் 1959-இன் 34-ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் மனையை விற்றால் அந்த விற்பனை செல்லாது. கோயில் அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டால் தெரிந்துவிடும். வக்ஃப், அறக்கட்டளை நிலங்களுக்கும் இதே எச்சரிக்கை.

அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் வேறு மாதிரிச் சிக்கல். வீட்டு வசதி வாரியம் ஒதுக்கீட்டு ஆணை கொடுத்திருக்கும், தவணை கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் வாங்காமலேயே விட்டிருப்பார்கள். ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி யாரும் வீட்டை விற்க முடியாது. பத்திரம் வாங்கிவரச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

பத்திரம்

ஈ.சி.யைப் பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் நீங்களே பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். முப்பது வருடம் போதும் என்பார்கள், பழைய வீட்டுக்கு மூலப்பத்திரம் வரை போவதே நல்லது.

மூலப்பத்திரம், இடையில் கைமாறிய ஒவ்வொரு பத்திரம், இப்போதைய பத்திரம் எல்லாவற்றின் அசலையும் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கேயோ அடமானத்தில் இருக்கலாம். பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியது எல்லா நேரமும் ஈ.சி.யில் ஏறியிருக்காது. வழக்கு நடக்கிறதா என்பதும் ஈ.சி.யில் தெரியாது. விற்கிறவர்களின் பெயர்களை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பாருங்கள்.

அப்புறம் எண்கள். சென்னையில் கதவு எண் மாறியதால் ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்றிருக்கும். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும், பட்டாவில் டவுன் சர்வே எண்ணும் இருக்கும். இரண்டும் ஒரே மனைதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். சர்வேயரை அழைத்து மனையை அளந்து, பத்திரத்தின் செக்குபந்தியில் சொன்ன நாலெல்லையோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி, தரையில் 1,130 என்றால் அந்த 70 அடி பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் இருக்கும். மீட்பது கடினம், விலையில் கழிப்பது சுலபம். பொதுச்சுவர், பின்சந்து வழியாக வழியுரிமை இவையும் பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கின்றன என்று பாருங்கள்.

விலை

அறுபது வருடக் கட்டடத்துக்கு யாரும் பெரிதாகக் காசு தர மாட்டார்கள். விலை மனைக்குத்தான். உதாரணத்துக்குச் சதுர அடி 12,000 ரூபாய் என்றால் அரை கிரவுண்டு மனைக்கு 1.44 கோடி. அதற்கு மேல் கட்டடத்துக்கு என்று கேட்டால், நீங்கள் குடியிருக்கப் போகிறவரா இல்லையா என்பதைப் பொறுத்துப் பேசுங்கள். இடிக்கிறவருக்குக் கட்டடம் செலவுதான். ஆனால் பர்மா தேக்கு உத்தரம், பழைய கதவு, நிலை இவற்றுக்கு இடிப்பு ஒப்பந்தக்காரர் பணம் தருவார். அதை அவரே வைத்துக்கொள்ள விடாதீர்கள். தெற்குப் பார்த்த வாசல் என்றால் பலர் தயங்குவார்கள். வாஸ்து நம்பிக்கை இல்லாதவருக்கு அது பேரம் பேசக் கிடைத்த நல்ல இடம்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1.44 கோடிக்குக் கிட்டத்தட்ட 13 லட்சம். அது தவிர வக்கீல், புரோக்கர் கமிஷன். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் விற்கிறவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். எனப்படும் வருமான வரியாகப் பிடித்து நீங்கள்தான் அரசுக்குக் கட்ட வேண்டும். விற்கிறவர்களில் ஒருவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அவர் பங்குக்குப் பிடிக்க வேண்டிய விகிதம் மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள், குறைவாகப் பிடித்தால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012-இன் இறுதியிலிருந்து அது கட்டாயம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். கீழ்ப் போர்ஷனில் பல வருடமாக இருக்கும் வாடகைதாரர், பின்பக்க ஷெட்டில் தங்கியிருக்கும் காவலாளி எல்லோரும் போன பிறகுதான் மீதிப் பணம்.

பதிவு நாளன்று அசல் பத்திரங்களோடு சொத்துவரி ரசீது, குடிநீர் வரி ரசீது, கடைசி மின் கட்டண ரசீது ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். பாக்கி இருந்தால் உங்கள் தலையில் விழும். பட்டா, சொத்துவரி, குடிநீர், இ.பி. நான்குக்கும் பெயர் மாற்ற வேண்டும். அதற்கு வேண்டிய சம்மதக் கடிதங்களில் விற்கிற எல்லோருடைய கையெழுத்தையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மறுநாள் ஒருவர் பெங்களூரில் இருப்பார், இன்னொருவர் நியூ ஜெர்சிக்கு விமானம் ஏறியிருப்பார்.